அவங்க ரெண்டு பேரும் ஏன் உடனே சேரல? பழைய காதல் கதைகளும் இன்றைய ரொமான்டிக் காமெடிகளும்

எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை நீக்கி, கொஞ்சம் சுருக்கியிருக்கோம். பல படங்களோட கதையும் முடிவும் இதில் வருது, அதனால பார்க்காதவங்க உஷார்.

இன்னைக்கு ஒரு சின்ன விளையாட்டோட ஆரம்பிக்கலாம். உங்களுக்குப் பிடிச்ச ஒரு ரொமான்டிக் காமெடியை மனசுல நினைச்சுக்கோங்க. இப்போ ஒரே ஒரு கேள்வி: அந்த ரெண்டு பேரும் இடைவேளைக்கு முன்னாடியே ஏன் சேரல?

"ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்" அப்படின்னு உங்க பதில் இருந்தா, அந்தப் படம் அநேகமா ரெண்டு வாரத்துல மறந்துடும். பதில்ல வீடு, பணம், அப்பா, மானம்னு ஏதாவது வந்தா, அது ரொம்ப நாள் கூடவே இருக்கும்.

நாம பார்க்கிற நிறைய ரொமான்டிக் காமெடிகளுக்கு அடியில 200, 400 வருஷப் பழைய கதை ஒண்ணு இருக்கு. அதுல ஜோடியை எடுத்துக்கிறது சுலபம். திமிரான பணக்காரப் பையன், வாயாடிப் பொண்ணு, முதல் சந்திப்புல சண்டை, அவ்வளவுதான். கஷ்டம் எங்கன்னா, அந்த ஜோடிக்கு நடுவுல இருந்த தடையை இன்னைக்குக் கொண்டு வர்றதுலதான். அந்தத் தடையைப் பத்திதான் இந்த எபிசோட்.

பத்தாயிரம் பவுண்டு மாப்பிள்ளை

1813-ல் வந்த "பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்" நாவல்ல இருந்து தொடங்கலாம். ஜேன் ஆஸ்டின் எழுதினது. ஒரு நடன விருந்துக்கு டார்சி வர்றார். அவர் உள்ளே வந்து அஞ்சு நிமிஷத்துல, அவரோட வருமானம் ஹால் முழுக்கப் பரவிடுது. வருஷத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு. ஆள் எப்படிப்பட்டவர்னு தெரியிறதுக்கு முன்னாடி தொகை தெரிஞ்சுடுது. நம்ம ஊர்ல "பையனுக்கு பேக்கேஜ் எவ்வளவு?"னு கேட்கிற சித்தி, பெரியம்மா எல்லாரும் அந்த ஹால்ல இருந்திருக்காங்க.

எலிசபெத் வீட்டுக் கணக்கு வேற. அப்பாவுக்கு வருஷத்துக்கு ரெண்டாயிரம் பவுண்டு. அஞ்சு பொண்ணுங்க, பையன் கிடையாது. சொத்து ஆண் வாரிசுக்கு மட்டும்தான் போகணும்னு ஏற்கனவே எழுதி வச்சாச்சு. அதனால அப்பா கண்ணை மூடினா, வீடு காலின்ஸ் என்கிற தூரத்து உறவுக்காரருக்குப் போயிடும். அம்மாவும் பொண்ணுங்களும் வெளியே.

அந்த காலின்ஸே எலிசபெத்தைப் பொண்ணு கேட்கிறார். அவ மறுக்கிறா. அது செம காமெடி சீன். ஆனா சில நாள்லயே அவளோட தோழி ஷார்லட் அதே ஆளுக்குச் சரின்னு சொல்லிடுறா. ஷார்லட்டுக்கு 27 வயசு, கையில காசு இல்ல, காதல் மேல நம்பிக்கையும் இல்ல. அவளுக்குத் தேவை ஒரு வீடு. நாம எதைப் பார்த்துச் சிரிச்சோமோ, அதையேதான் இன்னொரு பொண்ணு வாழ்க்கையா எடுத்துக்கிட்டா.

ஆஸ்டினுக்கு இது கற்பனை இல்ல. 1805-ல் அப்பா இறந்த பிறகு அவங்க, அக்கா கசான்ட்ரா, அம்மா மூணு பேருக்கும் நிலையான வீடு கிடையாது. 1809-ல் அண்ணன் எட்வர்ட் தன்னோட எஸ்டேட்ல ஒரு வீட்டைக் கொடுத்தார். அங்க உட்கார்ந்துதான் நாவல்களை முடிச்சு வெளியிட்டாங்க. வீடு போனா என்ன ஆகும்னு தெரிஞ்சவங்க எழுதின காமெடி இது.

சட்டம் போனாலும் வரிசை போகல

இப்போ 1995. ஏமி ஹெக்கர்லிங் எடுத்த "க்ளூலெஸ்" படம், ஆஸ்டினோட "எம்மா"வை பெவர்லி ஹில்ஸ் ஸ்கூலுக்குக் கொண்டு போகுது. எம்மா பணக்காரப் பொண்ணு, ஊருக்கே ஜோடி சேர்த்து வைக்கிறதுதான் பொழுதுபோக்கு. பெத்தவங்க யாருன்னே தெரியாத ஹாரியட்டைத் தோழியா வச்சுக்கிட்டு, ஹாரியட்டைப் பிடிச்சிருந்த ஒரு நல்ல விவசாயியை "உன் தகுதிக்கு இல்ல"ன்னு தட்டிவிட வைப்பா.

அமெரிக்க ஸ்கூல்ல பிரபுக் குடும்பம் எங்க இருக்கு? ஹெக்கர்லிங் கண்டுபிடிச்ச பதில்: லஞ்ச் டைம்ல யார் யாரோட உட்காரலாம் என்கிற வரிசை. ஷேர் புதுசா வந்த டாய்க்கு அந்த வரிசையைச் சொல்லிக் கொடுக்கிறா. டாய்க்குப் பிடிச்ச ஸ்கேட்போர்டு பையனை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுறா. சட்டம் இல்லாத இடத்துலயும் மேல் கீழ் இருக்குன்னு படம் காட்டுது.

இன்னொரு இடம் இதைவிட அழகு. நாவல்ல எம்மாவோட கொஞ்சிப் பேசுற ஃபிராங்க் சர்ச்சில் வேற ஒரு பொண்ணோட ரகசியமா நிச்சயம் பண்ணியிருப்பான். பணக்கார வளர்ப்பம்மாவுக்குத் தெரிஞ்சா சொத்து போயிடும். 1995-ல் ரகசிய நிச்சயத்துக்கு என்ன அர்த்தம்? அதனால படத்துல அந்த ரோல்ல வர்ற கிறிஸ்டியன் ஒரு கே பையன். வெளிப்படையாச் சொல்ல முடியாத ஒரு காதல் என்கிற தடை அப்படியே இருக்கு. காரணம் மட்டும் காலத்துக்கு ஏத்த மாதிரி மாறியிருக்கு.

2001-ல் வந்த "பிரிட்ஜெட் ஜோன்ஸஸ் டைரி"க்குப் பின்னாடி இருக்கிறது திரும்பவும் "பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்". பிரிட்ஜெட்டுக்கு வேலை இருக்கு, லண்டன்ல ஃபிளாட் இருக்கு. யாரும் அவளை வெளியே அனுப்ப முடியாது. அப்போ தடை? ஜோடி ஜோடியா உட்கார்ந்திருக்கிற டின்னர்ல, தனியா வந்த அவகிட்ட மட்டும் கேட்கப்படுற கேள்வி. 1995 பிபிசி தொடர்ல டார்சியா நடிச்ச காலின் ஃபர்த்தையே இதுல மார்க் டார்சியாப் போட்டது குறும்பு. ஆனா ஆட்கள் அதைத் தாண்டியும் பார்த்தாங்க. அந்தக் கேள்வி எல்லா ஊர்லயும் இருக்கே.

கடை மூடின பிறகு வர்ற காதல்

1937-ல் மிக்லோஷ் லாஸ்லோ எழுதின ஹங்கேரி நாடகம் "பார்ஃப்யூமரி". ஒரே கடையில வேலை பார்க்கிற ரெண்டு பேருக்கு ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காது. ஆனா பேர் தெரியாம அவங்களுக்குள்ளேயே காதல் கடிதம் எழுதிக்கிட்டிருக்காங்க. 1940-ல் எர்ன்ஸ்ட் லூபிச் இதை "தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்"னு எடுத்தார். அதுல எல்லார் முகத்துலயும் வேலை போயிடுமோன்னு ஒரு பயம் இருந்துக்கிட்டே இருக்கும்.

1998-ல் நோரா எஃப்ரன் அதையே "யூ ஹவ் காட் மெயில்" ஆக்கினாங்க. கடிதம் ஈமெயில் ஆச்சு. பெரிய மாற்றம் அது இல்ல. ரெண்டு பேரும் இப்போ சக ஊழியர்கள் கிடையாது. அவ சின்ன குழந்தைகள் புத்தகக் கடை நடத்துறா, அவன் அதை விழுங்கப் போற பெரிய செயின் கடைக்காரன். கடைசியில கடை மூடிடுது, காதல் ஜெயிச்சுடுது. அம்மா நடத்தின கடையை மூட வச்சவனை அவ ஏத்துக்கலாமான்னு இன்னைக்கு வரைக்கும் ஆட்கள் சண்டை போடுறாங்க. சண்டை போடுற அளவுக்கு அந்தத் தடை நிஜம்.

இங்க நம்ம "காதல் கோட்டை" ஞாபகம் வரும். அகத்தியன் படம், 1996, அதாவது எஃப்ரன் படத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. ரெண்டுக்கும் தொடர்பு இல்ல. பார்க்காமலே கடிதத்துல வளர்ற காதல் என்பது மட்டும்தான் பொது. ஆனா அது எங்க தொடங்குதுன்னு பாருங்க: ஒரு பொண்ணோட தொலைஞ்சுபோன சர்டிஃபிகேட்டை ஒருத்தர் கண்டெடுத்துத் தபால்ல அனுப்புறார். வேலை தேடிக்கிட்டிருக்கிற ஒருத்திக்கு அந்த ஃபைல்தான் எதிர்காலம். காதல் மேல அந்த எடை விழுது.

தடையைக் கழட்டிட்டா என்ன ஆகும்?

ஷேக்ஸ்பியர்ல இருந்து ரெண்டு படம். 1999-ல் வந்த "டென் திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ". மூலக் கதை "தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ". மூத்தவளுக்கு முடியாம சின்னவளுக்குக் கல்யாணம் இல்லன்னு அப்பா ஒரு ரூல் போடுவார். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். படத்துல அது "அக்கா டேட்டிங் போனாதான் தங்கச்சியும் போலாம்"னு ஆகுது. அப்பா பிரசவ டாக்டர். தினமும் டீன் ஏஜ் பொண்ணுங்களுக்குப் பிரசவம் பார்க்கிறவர், அதனால பயம் இயல்பா இருக்கு.

நாடகத்துல அக்காவை அடக்கறதுக்குக் கணவன் அவளைப் பட்டினி போடுவான், தூங்க விடமாட்டான். 1999 படம் அதைத் தூக்கிப் போட்டுடுச்சு. கேட் கடைசி வரைக்கும் அடங்கல, அவ சண்டைக்காரியாவே காதலிக்கிறா. நம்ம ஊர்லயும் இதே நாடகத்தை வச்சு 1963-ல் சிவாஜி, பானுமதி நடிச்ச "அறிவாளி" வந்தது. திமிர் பிடிச்ச பொண்ணை ஹீரோ அடக்குறது அதுக்கப்புறமும் பல வருஷம் நம்ம சினிமால ஓடுச்சு. பழைய கதையில எதை வச்சுக்கணும்னு மட்டும் தெரிஞ்சாப் போதாது, எதை விடணும்னும் தெரியணும்.

ஆனா தப்பானதை விட்டுட்டா? 2023-ல் வந்த "எனிஒன் பட் யூ" நல்லா ஓடின படம். "மச் அடோ அபவுட் நத்திங்" நாடகத்துல எப்பவும் முட்டிக்கிற பியாட்ரிஸ், பெனடிக் ஜோடிதான் படத்துல பீ, பென். அவங்களை நண்பர்கள் சேர்ந்து ஏமாத்திக் காதலிக்க வைக்கிறதும் அப்படியே இருக்கு. ஆனா நாடகத்துல பக்கத்துலயே இன்னொரு கதை ஓடும். ஹீரோ என்கிற பொண்ணை மாப்பிள்ளை கிளாடியோ, கல்யாண மேடையிலேயே நடத்தை சரியில்லன்னு பொய்க் குற்றச்சாட்டுல அவமானப்படுத்துவான். அப்போ பியாட்ரிஸ் தன்னைக் காதலிக்கிறதாச் சொல்ற பெனடிக்கிட்ட, கிளாடியோவைக் கொல்லச் சொல்லுவா. அதுவரைக்கும் ஜோக்கா இருந்த காதல் அந்த நொடியில சோதிக்கப்படுது.

படத்துல அந்தக் கதை இல்ல. பீ, பென் பிரிய காரணம், ஒரு காலையில ஒட்டுக்கேட்ட ஒரு பேச்சு. ஒரு மெசேஜ்ல தீரும். பார்க்கும்போது ஜாலி. ஆனா முதல்ல சொன்ன அந்த "ஒரு போன்" பிரச்சினை இதுதான்.

காரைக்குடியில் ஒரு உயில்

2000-ல் ராஜீவ் மேனன் எடுத்த "கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்" ஆஸ்டினோட "சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி"யோட தமிழ் வடிவம். அது முழுக் காமெடி இல்ல, ஆனா தடையை மாத்துற வித்தையில அது ஒரு பாடம்.

தாத்தா சாகுறார். உயில் மகன் பேருக்கு. கூடவே இருந்து பார்த்துக்கிட்ட மகளும் பேத்திகளும் செட்டிநாட்டுப் பெரிய வீட்டை விட்டுச் சென்னைக்குக் கிளம்புறாங்க. 1811 நாவலை இங்க மாத்தவே வேண்டியிருக்கல. தமிழ்நாட்டுல 1989-லயே கூட்டுக் குடும்பச் சொத்துல மகளுக்கும் சம உரிமைன்னு சட்டம் வந்தாச்சு, நாடு முழுக்க 2005-ல் வந்தது. ஆனா ஒருத்தர் தானா சம்பாதிச்ச சொத்தை உயில்ல யாருக்கு வேணும்னாலும் எழுதலாம். அதனால அந்த சீன் இன்னைக்கும் நடக்கும்.

நாவல்ல வில்லோபி பணக்காரப் பொண்ணுக்காகக் காதலியைக் கைவிடுவான். அவனோட இடத்துல அப்பாஸ் நடத்துறது ஃபைனான்ஸ் கம்பெனி. கம்பெனி திவாலாகுது, பணம் போட்டவங்க வாசல்ல நிக்கிறாங்க, தப்பிக்க இவன் வேற இடத்துல கல்யாணம் பண்ணிக்கிறான். 90-கள்ல ஃபைனான்ஸ் கம்பெனில பணம் போட்டு இழந்த வீடுகள்ல இந்த வில்லனுக்கு அறிமுகமே தேவைப்படல. இந்தியாவுல பணியாற்றின கர்னல் பிராண்டன், இலங்கையில அமைதிப்படையில இருந்து காலை இழந்த மம்மூட்டி ஆனார். ஒவ்வொரு தடைக்கும் நம்ம ஊர்ல ஒரு முகவரி.

அப்போ நம்ம கதை?

இப்போ கொஞ்சம் சங்கடமான விஷயம். நம்ம நகரத்து ரொமான்டிக் காமெடிகள்ல அந்த ரெண்டு பேர் ஏன் சேரல? பெரும்பாலும் ஈகோ, பிரேக்-அப், ஆன்சைட். நிஜத்துல, உங்க ஃபிரெண்ட்ஸ் குரூப்ல எத்தனை காதல் ஈகோனால முடிஞ்சது? எத்தனை காதல் "வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க"ன்னு முடிஞ்சது? அந்த வாக்கியத்துக்குள்ள என்ன வார்த்தை ஒளிஞ்சிருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். சாதி.

அந்த வார்த்தை நம்ம சினிமால வராமலா இருக்கு? வருது. 2004-ல் "காதல்", 2018-ல் "பரியேறும் பெருமாள்". ரெண்டும் பார்த்தவங்க மறக்கவே முடியாத படங்கள், ஆனா காமெடி இல்ல. அதாவது நிஜத் தடை உள்ளே வந்தா சிரிப்பு வெளியே போயிடுது, சிரிப்பு உள்ளே வந்தா தடை வெளியே போயிடுது.

இதுக்கு நியாயமும் இருக்கு. காதலுக்காக உயிர் போற ஊர்ல அதை வச்சு எப்படிச் சிரிக்கிறதுன்னு ஒருத்தர் கேட்டா, என்கிட்ட சுலபமான பதில் இல்ல. ஆனா ஆஸ்டின் பாதிக்கப்பட்டவங்களைப் பார்த்துச் சிரிக்கல. காலின்ஸைப் பார்த்துச் சிரிச்சாங்க. மாப்பிள்ளையோட வருமானத்தை அஞ்சு நிமிஷத்துல எண்ணி முடிச்ச அந்த ஹாலைப் பார்த்துச் சிரிச்சாங்க. மேட்ரிமோனி சைட்ல எல்லாக் கட்டத்தையும் டிக் பண்ணிட்டு, கடைசியில "நாங்க அதெல்லாம் பார்க்கிறதில்ல"ன்னு சொல்ற ஒரு மாமா இருக்காரே, அவரைப் பார்த்துச் சிரிக்கலாம். தாராளமா.

அந்தப் படத்தை யாராவது எழுதினா, முதல் நாள் முதல் ஷோவுக்கு நான் வர்றேன். அதுவரைக்கும் அடுத்த தடவை ஒரு ரொமான்டிக் காமெடி பார்க்கும்போது, இடைவேளையில பாப்கார்ன் வாங்கப் போற வழியில பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க: அவங்க ரெண்டு பேரும் ஏன் இன்னும் சேரல?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.