ஆறு நாட்கள், ஒரே ஊர்

பள்ளி நாட்களிலிருந்து நண்பர்களாக இருந்துவரும் நாங்கள் நால்வரும், பணி ஓய்வுக்குப் பின் வியட்நாம் செல்வதென்று முடிவு செய்தோம். முதலில் உருவான திட்டத்தில் எட்டு நாட்கள், ஐந்து நகரங்கள். அதைத் தயாரித்தவர் தணிக்கையாளராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர். ஒவ்வொரு நாளும் காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கியது.

அதைப் படித்த இன்னொரு நண்பர், "நீங்கள் மூவரும் போய்வாருங்கள், எனக்கு மூட்டு வலி" என்றார். வலி உண்மைதான். ஆனால் காரணம் அது மட்டுமன்று. சிறிய நிறுவனமொன்றில் பணியாற்றிய அவருக்கு மாத வருவாய் எங்களைவிட மிகக் குறைவு. (அவருடைய இசைவுடனேயே இதை எழுதுகிறேன்.)

ஒரு வாரம் கழித்துப் புதிய திட்டம் வந்தது. நான்கு நகரங்கள் நீக்கப்பட்டு, ஹோய் ஆன் என்ற ஒரே ஊர் எஞ்சியிருந்தது. உள்நாட்டு விமானம், இரவு இரயில், விடுதிக்கு விடுதி மாறும் செலவு எல்லாம் அதனுடன் நீங்கின. மழை ஓய்ந்த பிப்ரவரி மாதத்தில் நால்வருமாகப் புறப்பட்டோம்.

டா நாங் விமான நிலையத்திலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், து போன் ஆற்றின் கரையில் இருக்கிறது ஹோய் ஆன். சீன, ஜப்பானிய வணிகர்கள் வந்து தங்கிய பழைய துறைமுகம். ஆற்றில் வண்டல் படியவே பெரிய கப்பல்கள் டா நாங்கை நாடின. வணிகம் கைவிட்டதால் யாரும் இடித்துக் கட்டவில்லை. ஊர் அப்படியே நின்றுவிட்டது. 1999-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பழைய நகரின் தெருக்களில் நாளின் பெரும்பகுதி மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை. மூட்டு வலிக்காரரின் வேகமே அந்தத் தெருக்களின் வேகமாகவும் இருந்தது.

விமானக் கட்டணமும் அறை வாடகையும் அவரவர் பொறுப்பு. உணவு, வண்டி, நுழைவுச்சீட்டு ஆகியவற்றுக்கு ஒரு பொதுப் பணப்பை. ஆளுக்கு எவ்வளவு என்று பேச்சு எழுவதற்கு முன்பே தணிக்கையாளர் தொகையை அறிவித்துவிட்டார். எங்களுள் மெலிந்த பணப்பைக்கு அளவெடுத்துத் தைத்த தொகை அது என்பது எனக்குப் பின்னரே விளங்கியது. ஒவ்வொரு முறையும் யார் கொடுப்பது என்ற இழுபறி இல்லை. பையைச் சுமப்பவர் கொடுப்பார். அட்டையைப் பயன்படுத்திய இடங்களில், ரூபாயிலா டாங்கிலா என்று கருவி கேட்டபோதெல்லாம் டாங்கையே தேர்ந்தோம். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதம் அங்கேயே தீர்மானிக்கப்படும். பெரும்பாலும் அது நமக்குப் பாதகமாகவே அமையும்.

காலை வேளைகள் ஆற்றங்கரைக் காப்பிக் கடையில் கழிந்தன. கண்ணாடிக் குவளையின் மேல் சிறு வடிகட்டியை வைத்து, அடியில் இனிப்பூட்டிய கெட்டிப் பாலை ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். டிகாக்ஷனுக்குக் காத்திருந்து பழகிய நமக்கு இது புதிதன்று. ஆனால் முதல் இரண்டு நாட்கள் தணிக்கையாளர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் தெருவோர மூதாட்டி ஒருவரிடம் கறுப்பு எள்ளுக் கஞ்சி ஒரு கிண்ணம் வாங்கினார். விலை 20,000 டாங், ஏறத்தாழ எழுபது ரூபாய். அந்தத் தாளும் நீலம், 500,000 டாங் தாளும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் முகம். அவர் எதைக் கொடுத்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் சிறிது தூரம் சென்ற பின், அந்த மூதாட்டி ஓட்டமும் நடையுமாக வந்து தாளைத் திருப்பிக் கொடுத்து, சரியான தாளை எங்கள் பையிலிருந்து தாமே எடுத்துக்காட்டி வாங்கிச் சென்றார். காலமெல்லாம் பிறர் கணக்கில் பிழை கண்டவர், அன்றிரவு தம் பிழையைத் தாமே எழுதி, எங்கள் மூவரிடமும் சாட்சிக் கையொப்பம் வாங்கினார். மறுநாள் கடிகாரம் அறையிலேயே கிடந்தது.

ஒருநாள் காலை மட்டும் ஊரைவிட்டுச் சென்றோம். சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மீ சன் பள்ளத்தாக்கில், நான்காம் நூற்றாண்டு முதல் சாம் மன்னர்கள் சிவனுக்கு எழுப்பிய செங்கல் கோயில்கள் உள்ளன. 1969-இல் போர் விமானங்கள் வீசிய குண்டுகளில் பல சிதைந்தன. நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்புப் பணியில் ஈடுபட்டது. 2020-இல் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த மணற்கல் சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. குண்டு விழுந்த பள்ளங்களில் இப்போது புல் முளைத்திருக்கிறது. நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

சந்திர மாதத்தின் பதினான்காம் நாள் இரவில் ஹோய் ஆனின் பழைய தெருக்களில் மின்விளக்குகளை அணைத்துத் துணி விளக்குகளை ஏற்றுகிறார்கள். அந்த இரவு எங்களுக்கும் வாய்த்தது. படகில் அமர்ந்திருந்தபோது மூட்டு வலிக்காரர் மெல்லச் சொன்னார்: "உங்களுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்றுதான் முதலில் மறுத்தேன்."

"என் கணக்கில் அப்படியொரு தலைப்பே இல்லை" என்றார் தணிக்கையாளர்.

புறப்படும் நாளில் பொதுப் பையில் 80,000 டாங் மிஞ்சியது. நான்கு நீலத் தாள்கள். 20,000 டாங் தாளின் பின்புறத்தில் அச்சாகியிருப்பது ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலமே. ஆளுக்கொரு தாளைக் கையில் பிடித்தபடி, அந்தப் பாலத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.