ஒயின் திராட்சை மதுரைச் சமவெளியில் எடுபடுமா?

750 மில்லி ஒயின் பாட்டில் ஒன்றுக்குத் தேவைப்படுவது ஒரு கிலோ, மிஞ்சிப்போனால் ஒன்றேகால் கிலோ திராட்சைதான். உயரமான இடத்துத் தோட்டங்களிலிருந்து வரும் உயர்ரக சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்கிறது. வரத்து கூடிய நாளில் மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டில் பன்னீர் திராட்சை போகும் விலையை இதோடு ஒப்பிட்டால், 'நாமும் ஒயின் திராட்சை போட்டால் என்ன?' என்று யாருக்கும் தோன்றும். பந்தலுக்குக் கல்லும் கம்பியும் வாங்கக் கடன் எழுதும் முன்பு சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

மதுரை மார்க்கெட்டுக்கு வரும் கறுப்புத் திராட்சையில் பெரும்பங்கு தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் சரக்கு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று பந்தலுக்குப் பந்தல் பன்னீர் திராட்சைதான். இதன் உண்மையான பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இரண்டு ஆண்டுகளில் ஐந்து மகசூல் எடுக்கக்கூடிய ரகம் இது. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் வரை எடுக்கலாம் என்கிறது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. ஐரோப்பாவில் ஒரு திராட்சைக்காரரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார். அங்கே ஆண்டுக்கு ஒரே ஒரு அறுவடைதான்.

ஆனால், சாப்பிடும் பழத்துக்குப் பெருமையான இந்த விளைச்சல்தான் சிவப்பு ஒயினுக்கு இடைஞ்சல்.

ராத்திரிக் குளிரில்தான் சூட்சுமம்

சிவப்பு ஒயினுக்கு நிறம் சாற்றிலிருந்து வருவதில்லை. கறுப்புத் திராட்சையைப் பிதுக்கினாலும் சாறு ஏறக்குறைய வெள்ளையாகத்தான் இருக்கும். பழத்தைத் தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்க விடும்போது, தோலில் இருக்கும் சாயமும் துவர்ப்பும் இறங்குகின்றன. ஆக, ஒயின்காரருக்கு வேண்டியது சின்னச் சின்ன மணிகளும் தடித்த தோலும் ஆழ்ந்த நிறமும்தான். சந்தைக்காரர் கேட்பது இதற்கு நேர் எதிரான பழம்.

தோலில் சாயம் ஏற ராத்திரி குளிர வேண்டும். ராத்திரியும் புழுக்கமாக இருந்தால் நிறம் மங்கும். பழத்தின் புளிப்பையும் கொடியே கரைத்துவிடும். புளிப்பில்லாத ஒயின் சப்பென்று இருக்கும், சீக்கிரம் கெடும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஒயின்காரர்கள் மலையைத் தேடிப் போவது இதற்காகத்தான். அர்ஜென்டினாவின் சால்டா பகுதியில் 3,000 மீட்டருக்கு மேலும் தோட்டம் போட்டிருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலை அடிவாரத்தில் சுமார் 900 மீட்டர் உயரத்தில், கன்வல் குரோவர் என்ற தொழிலதிபர் 1988-ல் ஒயின் நிறுவனம் தொடங்கினார். பிரான்ஸிலிருந்து நிபுணரை வரவழைத்து, பல ரகங்களை நட்டுப் பார்த்துக் கழித்த பிறகே தொழிலில் இறங்கினார். அங்கிருந்து வரும் 'லா ரிசர்வ்' என்ற சிவப்பு ஒயினுக்கு கேபர்னே சாவிஞோன், ஷிராஸ் ரகங்கள் பயன்படுகின்றன. மதுரையோடு ஒப்பிட்டால் அந்த இடம் 5 டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி. கம்பம் 400 மீட்டரை ஒட்டிய உயரம். மதுரைச் சமவெளிக்கு அதுவும் இல்லை. சித்திரை மாத ராத்திரியில் மதுரையில் மனிதருக்கே தூக்கம் வராது, கேபர்னேக்கு நிறமா ஏறும்!

சர்க்கரைக் கணக்கும் உண்டு. ஒரு லிட்டர் சாற்றில் உள்ள சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதவிகித ஆல்கஹாலாக மாறும். சந்தைக்குப் பறிக்கும் பன்னீர் திராட்சையில் 16 முதல் 18 பிரிக்ஸ் இருந்தால் 9, 10 சதவிகிதம்தான் தேறும். நல்ல சிவப்பு ஒயினுக்கு 23, 24 பிரிக்ஸ் வேண்டும். அதற்குக் கொத்துகளைக் கழித்து, விளைச்சலைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். பன்னீரின் வாசனை இனிப்பு ஒயினுக்குப் பொருந்தும். வெளிநாடுகளில் அப்படிச் செய்கிறார்கள். பல ஆண்டுகள் பீப்பாயில் வைத்து விற்கும் ரகம் அது அல்ல.

நாசிக்கில் நடந்தது

மகாராஷ்டிரா 2001-ல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து, ஒயினுக்குக் கலால் வரிச் சலுகை கொடுத்தது. நாசிக் பக்கம் ஒயின் ஆலைகள் முளைத்தன. உண்ணும் திராட்சையை எடுத்துவிட்டு ஒயின் ரகங்களை நட்ட விவசாயிகள் ஏராளம். 2008-ல் உலகப் பொருளாதாரச் சரிவு வந்தது. அந்த நவம்பரில் மும்பைத் தாக்குதலும் நடந்தது. ஒயின் விற்பனை படுத்தது. ஆலைகளின் தொட்டிகளில் பழைய சரக்கே தேங்கிக் கிடந்தபோது புதுப் பழத்தை யார் வாங்குவது? ஒயின் திராட்சையைச் சந்தைக்கும் கொண்டுபோக முடியாது. மணி சிறிது, விதை பெரிது, தோல் துவர்க்கும். காய்த்துக் கிடந்த கொடியைப் பலர் வேரோடு பிடுங்கினார்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பது குற்றம். சொந்தத் தோட்டத்துப் பழம் என்பதால் விலக்கு கிடையாது. எனவே விவசாயிக்கு உள்ள வழி, உரிமம் பெற்ற ஆலைக்குப் பழம் விற்பது மட்டும்தான். பாட்டில் விலையில் வரி, கண்ணாடி, பீப்பாய், விளம்பரம் எல்லாம் அடக்கம். பழத்துக்குக் கிடைப்பது கிலோ விலைதான்.

அப்படி ஆலைக்காரர் யாராவது தேடி வந்தால், நாற்று வாங்கும் முன்பே ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்க வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு, எத்தனை டன், எந்த பிரிக்ஸுக்கு என்ன விலை, விளைச்சலைக் குறைக்கச் சொன்னால் அந்த நஷ்டம் யாருடையது, பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் யார் தலையில் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். முதல் நல்ல மகசூலுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஆலைக்காரர் மனம் மாறினால் கையில் இருக்கும் காகிதம்தான் பேசும்.

இருக்கிற பன்னீர் தோட்டத்துக்கு உடனே உதவக்கூடியது, பிரிக்ஸ் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவி. ஒரு துளிச் சாறு போதும். நிறத்தை மட்டும் பார்த்துப் பறிக்காமல், கொத்தின் நுனி மணியையும் அளந்து, 16-க்குக் குறையாமல் பறிக்கலாம். ஜூஸ் ஆலைக்கு விலை பேசும்போதும் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புது ரகம் போட நினைப்பவர்கள் மண், தண்ணீர் பரிசோதனை முடிவோடு முதலில் அங்கே போய்ப் பேசலாம்.