வறுமைக்கு வண்ணமிட்ட வரைபடம்

ஆறு, மலை, எல்லைக்கோடு ஆகியவற்றை அறியவே நிலவரைபடத்தை நாம் வகுப்பில் விரிக்கிறோம். ஒரு நகரத்து மக்களின் வாழ்க்கை நிலையையும் வரைபடம் காட்டும் என்பதற்கு லண்டன் வறுமை வரைபடம் சான்று.

இதை உருவாக்கியவர் சார்லஸ் பூத். லிவர்பூலில் பிறந்தவர், கப்பல் நிறுவன உரிமையாளர். லண்டனில் ஏழைகள் எத்தனை பேர் என்பதைக் கணக்கெடுத்தே சொல்ல வேண்டும் என்று 1886இல் ஆய்வைத் தொடங்கினார். அவருக்கு வீடுவாரியாகத் தகவல் தந்தவர்கள் பள்ளி வாரியத்தின் களப் பணியாளர்கள். பள்ளி வயதுக் குழந்தைகளைப் பதிவு செய்ய வீடுவீடாகச் சென்றவர்கள் அவர்கள். பள்ளி செல்லாக் குழந்தைகளைத் தேடித் தெருத்தெருவாக நடக்கும் நமக்கு அந்த வேலை புதிதல்ல.

1889இல் ஆய்வின் முதல் தொகுதி வெளிவந்தது. வரைபடத்தில் தெருக்களுக்கு ஏழு வண்ணங்கள்: செல்வர்களுக்கு மஞ்சள், நடுத்தர வகுப்பினருக்குச் சிவப்பு, ஓரளவு வசதியானவர்களுக்கு இளஞ்சிவப்பு, ஏழைகளும் வசதியானவர்களும் கலந்து வாழ்ந்த தெருக்களுக்கு ஊதா, ஏழைகளுக்கு இளநீலம், மிக ஏழைகளுக்குக் கருநீலம், அடித்தட்டினருக்குக் கறுப்பு. வாரம் 18 முதல் 21 ஷில்லிங் வரை வருமானமுள்ள நடுத்தர அளவுக் குடும்பம் இளநீலத்தில் அடங்கியது. லண்டன் மக்களில் 30.7 விழுக்காட்டினர் வறுமையில் வாழ்வதாக ஆய்வு கூறியது.

அதற்குக் காரணம் என்ன? ஏறத்தாழ 4,000 பேரின் நிலையை ஆராய்ந்தபோது, குடிப்பழக்கத்தைவிடக் குறைந்த கூலியும் நிலையற்ற வேலையுமே பெருங்காரணங்களாகத் தெரிந்தன. நோயும் பெரிய குடும்பமும் அடுத்து வந்தன. முதியோருக்கு அரசு ஓய்வூதியம் வேண்டும் என்று பூத் வாதிட்டார். 1908இல் அதற்கான சட்டம் வந்தது.

ஆனால் அதே வரைபடத்தின் குறிவிளக்கம் கறுப்புத் தெருவினரை ஒழுக்கங்கெட்டவர்கள், பாதிக் குற்றவாளிகள் என்றது. வண்ணம் வருமானத்தைக் குறிப்பதோடு நிற்காமல், மனிதர்களின் குணத்துக்கும் தீர்ப்பு எழுதிவிட்டது. எந்த வரைபடத்தையும் குறிவிளக்கத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும், அதை எழுதியவர் யார் என்றும் கேட்க வேண்டும் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இதை வகுப்பில் செயல்பாடாகச் செய்யலாம். அப்போது ஒன்றை மறக்க வேண்டாம்: மாணவர்களின் வீடுகளுக்கு வண்ணமிடச் சொல்லக்கூடாது. கரும்பலகையில் தன் தெரு கறுப்பாகத் தெரிந்தால் அந்தக் குழந்தை மறுநாள் எந்த முகத்தோடு வகுப்புக்கு வரும்? குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, நூலகம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைக் குறிக்கச் செய்யுங்கள். எந்தத் தெருவுக்கு எது எட்டவில்லை என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். அப்போது கேள்வி அந்தத் தெருவில் வாழ்பவர்களை நோக்கித் திரும்பாது. அங்கு வந்து சேராத வசதிகளைப் பற்றியதாக இருக்கும்.