மறையுரையும் கேட்பவர் மொழியும்

ஞாயிறு திருப்பலி முடிந்து வீட்டிற்கு வருபவரிடம், "இன்றைக்குச் சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார்?" என்று கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில் பதில் வராது. கவனிக்கவில்லை என்று அவரைக் கடிந்துகொள்கிறோம். மறையுரை ஆற்றியவர் தம் முன்னே இருப்பவர்களைக் கவனித்தாரா என்றும் கேட்க வேண்டாமா?

புனித பவுல் கவனித்தார். திருத்தூதர் பணிகள் நூலின் 13, 14, 17 ஆகிய அதிகாரங்களை அடுத்தடுத்து வாசித்தால் இது விளங்கும். அந்தியோக்கியாவின் தொழுகைக்கூடத்தில் யூதர்களுக்கு அவர்களது முன்னோரின் வரலாற்றைச் சொல்கிறார். லிஸ்திரா ஊராரிடம் மழையையும் விளைச்சலையும் பற்றிப் பேசுகிறார். ஏதென்சில் கிரேக்கக் கவிஞர்களை மேற்கோள் காட்டுகிறார். மூன்று இடங்களிலும் அவர் அறிவித்த கடவுள் ஒருவரே.

நம் மண்ணில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட இராபர்ட் தெ நொபிலி. 1606-இல் அவர் மதுரைக்கு வந்தபோது, அங்கு ஏற்கெனவே பல ஆண்டுகள் உழைத்திருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளாரால் உள்ளூர் மக்களை மனந்திருப்ப முடியவில்லை. திருமுழுக்கு பெற வருபவரிடம், "பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா?" என்ற பொருள்படக் கேட்பது அக்கால வழக்கம். கிறிஸ்துவை ஏற்பது என்றால் போர்த்துக்கீசியர் ஆவது என்றே கேட்டவர்களின் காதில் விழுந்தது! நொபிலி தமிழும் வடமொழியும் கற்று, குரு, வேதம், அருள், கோவில், பூசை என மக்களுக்குப் பழகிய சொற்களில் மறையை விளக்கினார். இம்முறை பற்றி எழுந்த கடும் சர்ச்சையில், 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். புலவர்களுக்காகத் தேம்பாவணி பாடிய அவரே, வேதியர்களுக்காக எளிய உரைநடையில் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் பேச்சுத் தமிழாகிய கொடுந்தமிழுக்குத் தனி இலக்கணமும் படைத்தார். இரண்டாவது நூல் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அவர் எதிர்த்து வாதிட்ட லூத்தரன் சபையாரின் அச்சகம் அது என்பது சுவையான செய்தி.

இனி நம் உறையூருக்கு வருவோம். பழங்காலம் முதலே பருத்தி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. பாவும் ஊடையும் அறிந்த மக்களுக்கு விவிலியமே உவமைகளைத் தருகிறது. தறியில் ஓடும் நாடாவைவிடத் தம் நாள்கள் விரைந்து ஓடுவதாக யோபு புலம்புகிறார் (7:6). நெய்த துணி தறியிலிருந்து அறுக்கப்படுவது போலத் தம் உயிர் அறுக்கப்படுவதாக எசேக்கியா அரசர் வருந்துகிறார் (எசாயா 38:12). சிலுவையடியில் படைவீரர்கள் சீட்டுப் போட்ட ஆண்டவரின் அங்கி தையலே இல்லாமல் நெய்யப்பட்டது (யோவான் 19:23). தையலில்லாமல் ஓர் அங்கியை நெய்வது எவ்வளவு கடினமான வேலை என்பதைத் தறியில் அமர்ந்த ஒருவர் உடனே உணர்வார். இப்படிப்பட்ட ஊரில் மேலைநாட்டுப் பனிமலைக் கதை எதற்கு?

ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. கேட்பவருக்கு ஏற்பப் பேசுவது கேட்பவருக்குப் பிடித்ததை மட்டும் பேசுவதாக மாறிவிடலாம். நொபிலியின் வழியிலும் இந்த நிழல் விழுந்தது. உயர்குலத்தாரை அணுக அவர் சாதி வழக்கங்களை ஏற்றுக்கொண்டார். அதனால் மற்றவர்களிடையே பணியாற்றப் பண்டாரசுவாமிகள் என்ற தனிப் பிரிவு 1640-களில் தேவைப்பட்டது. ஒரே நற்செய்திக்கு இரண்டு வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். அந்தப் பிளவு நம் கோவில்களிலும் கல்லறைகளிலும் எவ்வளவு காலம் நீடித்தது என்பது நமக்குத் தெரியும். சாதியைப் பற்றிய மறையுரையை எந்தப் பங்கு மக்களும் எளிதில் விரும்பிக் கேட்பதில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட முடியாது. அவர்களுக்குப் புரியும் சொற்களில்தான் சொல்ல வேண்டும்.

மறையுரை எட்டு நிமிடங்களைத் தாண்ட வேண்டாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில் கேட்டுக்கொண்டார். தாண்டினால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்றார். அந்த எட்டு நிமிடங்களில் செபமாலை உருட்டும் பாட்டியும், நெசவாளியும், தொழிற்சாலை அலுவலரும், கைப்பேசியை மறைத்து வைத்திருக்கும் கல்லூரி மாணவனும் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை இவர்களில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வரும் குருவுக்கு, ஞாயிறு காலையில் எங்கே தொடங்குவது என்பது தெரிந்திருக்கும்.