'பொன்மணி'யைத் திரும்பிப் பார்த்தல்: பழையது படமா, ஊரா?

போருக்கு முந்திய யாழ்ப்பாணத்தை நாங்கள் ஏக்கத்தோடுதான் நினைக்கிறோம். வீடு, வளவு, கிணற்றடி, கூடியிருந்த உறவுகள். இழந்தவர்களுக்கு அந்த ஏக்கம் இயல்பானது. ஆனால் அந்த நாட்களைப் பற்றி இன்னொரு சாட்சியமும் உண்டு.

1977இல் வெளிவந்த 'பொன்மணி'யை அண்மையில் திரும்பவும் பார்த்தேன். சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ, யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில், காவலூர் இராஜதுரையின் எழுத்தில் உருவாக்கிய தமிழ்ப்படம் அது. சீதனம் இல்லாததால் தமக்கையின் கலியாணம் தள்ளிப்போகிறது. தங்கை பொன்மணி சாதி கடந்து காதலிக்கிறாள். அதைக் குடும்பத்தின் கௌரவம் பொறுக்கவில்லை. வளர்ந்தவர்களுக்கான கதை என்று நான் சொல்வது இதைத்தான்.

வெளிவந்தபோது படம் ஓடவில்லை. தமிழகப் படங்களுக்குப் பழகிய கண்களுக்கு அதன் மெதுவான நடை ஒத்துவரவில்லை. இன்றும் சில காட்சிகள் பொறுமையைச் சோதிக்கின்றன. நடிப்பில் மேடைநாடகச் சாயல் தெரிகிறது.

ஆனாலும் படம் மூப்படையவில்லை. அடுத்த ஆண்டு தமிழகத்தில் ருத்ரையா இயக்கிய 'அவள் அப்படித்தான்' வந்தது. பெண் விடுதலை பற்றி அதில் நடக்கும் வாதங்கள் சில இன்று விரிவுரைபோல ஒலிக்கின்றன. 'பொன்மணி' வாதாடுவதில்லை. பணமும் சாதியும் ஒரு வீட்டுக்குள் எப்படி ஆட்சி செய்கின்றன என்று காட்டுகிறது. அதனால் காலம் அதை அதிகம் தொடவில்லை.

இன்னொரு காரணம் கசப்பானது: ஊர் போதியளவு மாறவில்லை. இத்தனை இடப்பெயர்வுகளுக்குப் பிறகும் சீதனப் பேச்சு நிற்கவில்லை. மணமகள் தேவை விளம்பரங்களில் சாதியும் மறையவில்லை. தேசவழமைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண், சீதனமாகக் கிடைத்த தன் காணிக்காகவே நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. போர் வீடுகளை இடித்தது. வீட்டுக்குள் இருந்த சட்டங்களை இடிக்கவில்லை.

1983 ஜூலையில் ஹெந்தலையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது எத்தனையோ படச்சுருள்கள் சாம்பலாகின. நூலகம் எரிவதற்கும் முந்திய யாழ்ப்பாணத்தின் தெருக்களும் முகங்களும் 'பொன்மணி'யில் இன்னும் உயிரோடிருப்பது எங்கள் அதிர்ஷ்டம்.

இளையவர்களோடு இருந்து இதைப் பாருங்கள். அந்தத் தெருக்களை அவர்களுக்குக் காட்டுங்கள். அந்த வீடுகளுக்குள் பெண்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் திரும்பக் கட்டவேண்டிய ஊரில் எதை விட்டுவிடவேண்டும் என்பது அப்போது தெரியும்.