தோமையார் உயிர் விட்ட மலை எது?
பரங்கிமலையா? வடக்கே வேறு மலையா? தீராத வழக்கு!

1517-ம் ஆண்டு. மலாக்காவில் இருந்து வந்த போர்ச்சுக்கீசியர் சிலர் பழவேற்காட்டில் கரை இறங்கினார்கள்.

பழவேற்காடு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே உள்ள கடலோர ஊர்.

அவர்களோடு ஆர்மீனிய வியாபாரிகளும் வந்தார்கள். ஏசுநாதரின் சீடர் தோமையாரின் கல்லறை பக்கத்தில்தான் இருக்கிறது என்று சொல்லி, மயிலாப்பூருக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள்.

பிறகு போர்ச்சுக்கீசியர் அங்கே குடியேறினார்கள். அருகில் உள்ள பரங்கிமலையிலும் மாதா கோவில் எழுந்தது. தோமையார் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டது இந்த மலையில்தான், அது கி.பி. 72-ம் ஆண்டு என்பது காலம் காலமாக வரும் நம்பிக்கை.

ஆனால் ஆராய்ச்சியாளர்கள் இதில் ஒன்றுபடவில்லை.

பெயர் சொல்லாத ஏடு

தோமையார் எங்கே இறந்தார் என்று பைபிள் சொல்லவில்லை. அதைச் சொல்வது "தோமாவின் பணிகள்" என்ற வேறொரு பழைய நூல். 3-ம் நூற்றாண்டில் சிரியா நாட்டு மொழியில் எழுதப்பட்டது.

மஸ்தாய் என்ற மன்னன் தோமையாருக்கு மரண தண்டனை விதித்தான். நான்கு வீரர்கள் அவரை ஊருக்கு வெளியே ஒரு மலைக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஈட்டியால் குத்தினார்கள். இதுதான் அந்த நூல் தரும் செய்தி.

அது எந்த ஊர்? எந்த மலை? அந்த நூலில் பெயர் இல்லை!

பின்னால் வந்த நூல்கள் "கலமினா" என்று ஓர் ஊரைச் சொல்கின்றன. அது எந்த ஊர் என்பதிலும் சண்டைதான்.

வடக்கா? தெற்கா?

அதே நூலில் குந்தபார் என்று ஒரு மன்னன் வருகிறான். அவனைக் கட்டுக்கதை என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் 19-ம் நூற்றாண்டில் அவனுடைய நாணயங்கள் கிடைத்தன. அவன் ஆண்டது இன்றைய பாகிஸ்தான் பகுதி. எனவே, தோமையார் இறந்ததும் வடமேற்கில்தான் என்கிறார்கள் சிலர்.

தெற்கு என்பவர்கள் மார்க்கோ போலோவைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அவர் 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவர். தமிழகக் கரையில் ஒரு சிற்றூரில் தோமையாரின் கல்லறை இருப்பதாக எழுதினார். ஆகவே இது போர்ச்சுக்கீசியர் கட்டிவிட்ட கதை அல்ல. அவர்கள் வருவதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே வழங்கிய செய்தி.

ஆனால் அவர் சொன்ன கதை வேறு. காட்டில் செபம் செய்துகொண்டிருந்த தோமையார் மீது, மயில் வேட்டையாடியவன் விட்ட அம்பு தவறிப் பாய்ந்ததாம்! அதில் மலையும் இல்லை, ஈட்டியும் இல்லை.

கல் சொல்லும் சாட்சி

1547-ம் ஆண்டு பரங்கிமலை உச்சியில் அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு கல் சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றிப் பழைய பாரசீக எழுத்துகள். ஏறக்குறைய 7, 8-ம் நூற்றாண்டு வேலை என்பது பல அறிஞர்களின் கணிப்பு.

போர்ச்சுக்கீசியருக்கு வெகு காலம் முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இந்தக் கல் சாட்சி. ஆனால் தோமையார் காலத்துக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவே 500 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு கல்லும் கிடைக்கவில்லை, ஓர் ஏடும் கிடைக்கவில்லை.

இப்படி வழக்கில் நிற்கும் மலை இது ஒன்றுதானா? இல்லை. மோசே பத்துக் கட்டளை பெற்ற சீனாய் மலைக்கும் இதே கதிதான்! எகிப்தில் உள்ள மலையின் அடிவாரத்தில் 6-ம் நூற்றாண்டு மடம் இருக்கிறது. அப்படியும், உண்மையான மலை சவூதி அரேபியாவில் இருக்கிறது என்பவர்கள் உண்டு. இஸ்ரேலின் பாலைவனத்தைக் காட்டுபவர்களும் உண்டு.

அளக்க முடிந்ததும் முடியாததும்

1802-ம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர், இந்திய நாட்டை அளக்கும் வேலையைப் பரங்கிமலையில்தான் தொடங்கினார். இங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் தூரத்தைச் சங்கிலி போட்டு அளந்தார். ஆனால் இந்த மலையின் பழைய கதையை அளக்க இன்றுவரை ஒரு சங்கிலி கிடைக்கவில்லை.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மின்சார ரெயில்களில் சென்னை சென்டிரலுக்கு வரலாம். எதிரே பூங்கா நிலையத்தில் தாம்பரம் ரெயில் ஏறினால் பரங்கிமலையில் இறங்கலாம். மலைமேல், கோவில் பீடத்தின் பின்னால், அந்தக் கல் சிலுவை இருக்கிறது.

படி ஏறி வந்து அதன் முன்னால் மண்டியிடும் தாய்மார்கள் கலமினாவைத் தேடவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்!