பளபளப்பை நம்பாதீங்க பாஸ்!

‘சிங்கிள் ஓனர் சார்... டாக்டர் ஓட்டின வண்டி. ஒரு கீறல் கிடையாது!’

பழைய கார் பார்க்கப் போற எல்லோர் காதுலயும் விழற வசனம் இது. உங்க வீட்லயும் இந்தப் பேச்சு கிளம்பியிருக்கலாம். அப்பா பி.எஃப்.ல கொஞ்சம், சீட்டுப் பணம் கொஞ்சம்னு சேர்த்து வெச்சிருப்பார். ‘காலேஜ் படிக்கற புள்ள, நாலு விஷயம் தெரியும்’னு உங்களையும் கூட்டிட்டுப் போவார். அங்க ஆரம்பிக்குது உங்க பரீட்சை!

நான் அந்தப் பரீட்சையில ஃபெயிலானவன். 2016-ல மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம் படிச்சிட்டிருந்தேன். சித்தப்பா சென்னையில ஒரு கார் பார்க்கப் போனப்ப, ‘நீதான்டா இன்ஜினீயர், பார்த்துச் சொல்லு’ன்னார். நானும் கெத்தா போய் மியூசிக் சிஸ்டத்தைப் போட்டுப் பார்த்தேன். ஏ.சி.யைத் திருகினேன். ‘சூப்பர் சித்தப்பா’ன்னேன். மூணே மாசம்தான். ஒருநாள் ராத்திரி ஹெட்லைட் அணைஞ்சு, ஹைவே நடுவுல வண்டி நின்னுடுச்சு. உள்ளே சித்தியும் கைக்குழந்தையும். பின்னால வந்த லாரிக்காரர் பிரேக் அடிச்சதால தப்பிச்சாங்க.

மெக்கானிக் சீட்டைக் கழற்றி கார்ப்பெட்டைத் தூக்கினா... காய்ஞ்சுபோன சேறு! 2015 டிசம்பர் வெள்ளத்துல முங்கின வண்டி. சித்தப்பா இன்னிக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் இன்னும் உறுத்துது.

அன்னிக்கு நான் பார்த்திருக்க வேண்டியதெல்லாம் இதோ. மொத்தமே ஒரு மணி நேர வேலை!

காலையிலேயே கிளம்புங்க

சாயங்காலம், மழை நேரம் ரெண்டும் வேண்டாம். ஈரமா இருக்கற வண்டியில ஒடுக்கும் தெரியாது, பெயின்ட் வித்தியாசமும் தெரியாது. ‘நாங்க வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க சார்’னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் முதல் வேலையா பானெட் மேல கையை வையுங்க. சுடுதா? உங்களுக்கு முன்னாடியே யாரோ வண்டியை எழுப்பிட்டாங்கன்னு அர்த்தம். இன்ஜின் சூடா இருந்தா, பேட்டரி வீக்கா இருக்கறதும், காலை நேரத்து ‘கடகட’ சத்தமும் வெளியில தெரியாது. ஒரு டீ குடிச்சிட்டு, இன்ஜின் ஆறினதும் ஆரம்பிங்க.

சாவியை ‘ஆன்’ல வெச்சதும் மீட்டர்ல இன்ஜின், ஆயில், பேட்டரி, ஏர்பேக்னு எல்லா விளக்கும் எரியணும். ஸ்டார்ட் ஆனதும் அணையணும். அணையலைன்னா கோளாறு. எரியவே இல்லைன்னா இன்னும் பெரிய கோளாறு. விளக்கையே பிடுங்கி வெச்சிருக்கலாம், உஷார்!

புகையில இருக்கு ஜாதகம்

அப்பாவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு நீங்க சைலன்சர் பக்கம் போய் நில்லுங்க. குளிர்ல லேசா வெள்ளை ஆவி வந்து நின்னுடுச்சுன்னா பயப்படாதீங்க, அது வெறும் நீராவி. ஆனா இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை திரும்பத் திரும்ப வந்து, லேசான இனிப்பு வாசனையும் அடிச்சா, கூலன்ட் உள்ளே போய் எரியுது. ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு. நீலப் புகைன்னா ஆயில் எரியுது, பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ஞ்சிருக்கு. இது ரெண்டும் பாக்கெட்டைக் காலி பண்ற வேலை. கறுப்புப் புகைன்னா பெட்ரோலோ டீசலோ அளவுக்கு மேல எரியுது. ஏர் ஃபில்டர் அடைப்பா இருந்தா சின்ன செலவு, இன்ஜெக்டரா இருந்தா பெரிய செலவு.

இன்ஜினை அணைச்சிட்டு டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்க. ஆயில் கறுப்பா இருந்தா பரவாயில்லை, டீசல் வண்டியில அது சகஜம். ஆனா பால் கலந்த காபி மாதிரி இருந்துச்சா? ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. ‘வர்றோம் சார்’னு ஒரு கும்பிடு போட்டுக் கிளம்பிடுங்க. கூலன்ட் டப்பாவுல துரு நிறமோ எண்ணெய்ப் படலமோ மிதந்தாலும் அதே கும்பிடுதான். ஒரு விஷயம், சூடா இருக்கற ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துடாதீங்க. கொதிக்கற தண்ணி முகத்துல அடிக்கும்.

முங்கின வண்டியா, முட்டின வண்டியா?

சென்னையை 2015-லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் வெள்ளம் புரட்டிப் போட்டுச்சு. அதுல முங்கின வண்டிகள் குளிச்சு, பவுடர் போட்டு சந்தைக்கு வராம இருக்குமா? கண்டுபிடிக்கறது சுலபம். சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுங்க. கடைசி அடியில சேத்துக் கறை இருக்கும். வண்டியைக் கழுவுறவங்க அதுவரைக்கும் இழுக்கறதில்லை. சீட்டுக்கு அடியில இருக்கற தண்டவாளம், போல்ட்டுல துரு இருக்கா, கார்ப்பெட்டுக்கு அடியில சேறு இருக்கா, ஸ்டெப்னி குழியில மண் படிஞ்சிருக்கான்னு பாருங்க. ஏ.சி. போட்டதும் ஈரத்துணி வாடை அடிக்குதா? இல்லை, அதை மறைக்க ஊதுபத்திக் கடை மாதிரி பெர்ஃப்யூம் அடிச்சு வெச்சிருக்காங்களா? ரெண்டுமே சந்தேகம்தான்.

தண்ணி போன வயரிங் உடனே சாகாது. உள்ளுக்குள்ள மெதுவா அரிச்சு, நட்ட நடு ராத்திரியில கை விடும். அதுதான் சித்தப்பா வண்டியில நடந்தது.

அடிபட்ட வண்டியைப் பிடிக்க, கதவு, பானெட், டிக்கி இடுக்கெல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே அகலத்துல இருக்கான்னு பாருங்க. பானெட் போல்ட்டுல ஸ்பானர் பட்ட தடம், ரப்பர் பீடிங்ல பெயின்ட் துளி இருந்தா, டிங்கரிங் நடந்திருக்கு. மெல்லிய துணியில சுத்தின காந்தத்தை பாடி மேல வெச்சுப் பாருங்க. பக்கத்துல எல்லாம் ஒட்டி, ஒரு இடத்துல மட்டும் நழுவினா, அங்க தகரத்துக்கு மேல பட்டி தடவியிருக்காங்க. பம்பர் பிளாஸ்டிக், அங்க சோதிக்காதீங்க. சின்ன ஒடுக்கு எடுத்தது தப்பே இல்லை. சேசிஸ்ல வெல்டிங் இருந்தாதான் ஆபத்து.

டயரையும் விடாதீங்க. பக்கவாட்டுல முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். ஒரு ஓரம் மட்டும் தேய்ஞ்சிருந்தா அலைன்மென்ட்டோ சஸ்பென்ஷனோ சரியில்லை. மீட்டர் 30,000 கிலோமீட்டர்னு காட்டுது, ஆனா பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் வழவழன்னு தேய்ஞ்சிருக்கா? மீட்டரை நம்பாதீங்க, பெடலை நம்புங்க.

காதைத் தீட்டிட்டு ஒரு ரவுண்டு

லைசென்ஸ் இல்லைன்னா நீங்க ஓட்ட வேண்டாம். அப்பா ஓட்டட்டும், நீங்க பக்கத்துல உட்காருங்க. பாட்டு ஆஃப், கண்ணாடி கீழே! காலி ரோட்ல மூணாவது கியர்ல ஆக்சிலரேட்டரை அழுத்தினா, இன்ஜின் கத்துது, வேகம் ஏறலையா? கிளட்ச் பிளேட் தேய்ஞ்சிருக்கு. பிரேக் பிடிச்சா வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது, பெடல் காலை உதறக் கூடாது. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா திரும்பறப்ப ‘டிக் டிக்’னு கேட்டா ஆக்சில் ஜாயின்ட் அவுட். ஸ்பீடு பிரேக்கர்ல ‘டொம்’முனு விழுந்தா சஸ்பென்ஷன் வேலை இருக்கு. குறைஞ்சது அரை மணி நேரம் ஓட்டுங்க. டெம்பரேச்சர் முள் நடுவுல நிக்குதான்னு பாருங்க.

இதெல்லாம் முதல் வடிகட்டல்தான். தேறின வண்டியை உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட காட்டி, லிஃப்ட்ல ஏத்திப் பாருங்க. விக்கறவர் சொல்ற மெக்கானிக் வேண்டாம். ‘வெளியில கொண்டு போகக் கூடாது’ன்னு சொன்னாங்கன்னா, அதுவே பதில். ஆர்.சி.யில இருக்கற சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பரை வண்டியோட ஒத்துப் பாருங்க. பேங்க் லோன் பாக்கி இருந்தா என்.ஓ.சி. வராம அட்வான்ஸ் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. இந்த செக்கிங் எல்லாத்தையும் விட கஷ்டமானது, வாயைத் திறந்து ‘வேண்டாம்பா’ன்னு சொல்றது. அப்பாவுக்கு கலர் பிடிச்சிருக்கும். அம்மா மனசுக்குள்ள கோயிலுக்கே கிளம்பியிருப்பாங்க. ‘இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட்டிங்’னு புரோக்கர் அவசரப்படுத்துவார். அந்த நேரத்துல எல்லோர் சந்தோஷத்தையும் கலைக்கற வில்லனா நீங்க நிக்கணும். பரவாயில்லை, நில்லுங்க. அன்னிக்கு ஒரு வாரம் முகம் தூக்கி வெச்சுப்பாங்க. ஆனா அந்த வண்டியில ராத்திரி போகப் போறது உங்க வீட்டு ஆளுங்க!